ஒற்றைச் செருப்புக்காரி

வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்து நான் சொன்னது அத்தனையும் பொய். இப்போது எதன் மேலும் கையை வைக்காமல் சொல்லப்போவது அத்தனையும் நிஜம். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் எங்கள் தார்ன்கோம்ப் ஊருக்கு வந்து, பண்ணை வீட்டு வாசல் கதவை ஒட்டியிருக்கும் செருப்புக்காரன் வாரின் வீட்டில், அதாவது என் வீட்டில், ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கட்டும். பீர் நானே ஊற்றித் தருகிறேன்.

நான் சுலபத்தில் பயப்படுகிற ஆள் இல்லை. சுலபத்தில் சந்தேகப்படுகிற ஆள். என் தொழில் அப்படி. ஒருவன் எதிரே வந்தால் முகத்துக்கு முன்னால் அவன் காலைத்தான் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டாலும், நடக்கிற சத்தத்தை வைத்து ஆள் யார், செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஃபர்னல் குடும்பத்துக்குச் சொந்தம். பெரிய பிரபுக்கள் என்று சொல்ல முடியாது. ஒரு ஊர், ஒரு மாவு ஆலை, ஒரு காடு. ஆனால் வம்சப் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் பன்றிக்கறி ஆறி அவலாகப் போனாலும் சரி, கணக்குப்பிள்ளை தர்ஸ்டன் எழுந்து நின்று வம்சத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம். கடல் தாண்டி வந்த ஒற்றைக்கண் ரோஜர். ரோஜரின் மகன் வால்டர். வால்டரின் மகன் ஹென்றி. இப்படியே போய், "அவர் மகன் ஹாமோ" என்று முடியும். கேட்டுக் கேட்டு எங்கள் ஊர் நாய்களுக்குக்கூட மனப்பாடம்.

அந்த ஹாமோ பிறந்தது கொள்ளைநோய் வந்த வருஷம். அவன் பிறப்பதற்கு முன்பே அப்பாவை நோய் கொண்டுபோய்விட்டது. பிள்ளை வளரும்வரை நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் உரிமையை அடுத்த ஊர் சர் ட்ரோகோ காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். எங்கே பார்த்துக்கொண்டார்? மொட்டையடித்தார். காட்டிலிருந்த ஓக் மரமெல்லாம் அவர் வண்டியில் ஏறிப் போயிற்று. பையனுக்கு இருபத்தொன்று முடிந்ததும் எல்லாம் அவன் கைக்கு வரவேண்டும். "அவனுக்கு இன்னும் பத்தொன்பதுதான்" என்று ட்ரோகோ சாதித்தார்.

எங்கள் நாட்டில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. மன்னரின் அதிகாரி வருவார். ஊரில் வயதான ஆண்கள் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த நாளைச் சொல்லவேண்டும். நாளைச் சொன்னால் மட்டும் போதாது. அது உனக்கு எப்படி நினைவிருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் சொல்லவேண்டும். அன்றைக்குத்தான் என் வைக்கோல் போர் எரிந்தது, அன்றைக்குத்தான் என் மகளுக்குக் கல்யாணம், இந்த மாதிரி. பெற்ற தாய் சொன்னால் எடுபடாது. இந்த விஷயத்தில் பெண்கள் பேச்சு செல்லாது.

சிக்கல் என்னவென்றால், அந்த நாள் எங்களில் ஒருவனுக்கும் நினைவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார், ஞானத்தந்தை, ஞானத்தாய், தண்ணீர் தூக்கிய வேலைக்காரி எல்லோரும் அந்தக் கோடையிலேயே போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்த நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, யார் தட்டினாலும் திறக்காமல் கிடந்தோம். என்ன கிழமை என்றே தெரியாமல் இருந்தவனுக்கு அடுத்தவன் வீட்டு ஞானஸ்நானமா நினைவிருக்கும்?

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். என் வீடு. நோய் ஓய்ந்த மறு வருஷம், ஹாமோவின் தாய் அமீஸ் அம்மாள், பண்ணை வாசலை ஒட்டிக் கிடந்த காலி இடத்தை எனக்குக் கொடுத்தார். வாடகை வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார் என்று அப்போதே மனதில் ஓர் உறுத்தல். கேட்டால் பிடுங்கிக்கொள்வாரோ என்று கேட்கவில்லை. இப்போது சர் ட்ரோகோ அந்த வீட்டை இடித்துவிட்டு மீன் குளம் வெட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். என் மகள் சபீனா வயிற்றில் பிள்ளையோடு எங்களிடம் வந்திருந்தாள். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், சேதி இல்லை. பனி உருகியதும் கைக்குழந்தையோடு அவளையும் என் மனைவி ஹாவிஸையும் கூட்டிக்கொண்டு நான் எந்த வைக்கோல் போரில் போய்ப் படுப்பது? ஹாமோவுக்கு நிலம் வந்தால் வீடு எங்களுக்கு. வராவிட்டால் தெரு. அதனால் ஒரு கையை என்ன, இரண்டு கையையும் புத்தகத்தின் மேல் வைத்துப் பொய் சொல்லத் தயாராக இருந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை, எங்களைப் பீர்க் கடையில் கூட்டிவைத்துத் தர்ஸ்டன் ஆளுக்கொரு நினைவைப் பங்கு பிரித்துக் கொடுத்தான்.

"ஓஸ்பர்ட்டு, நீ அன்னிக்கு ஏணியில இருந்து விழுந்த."

"எந்தக் காலு முறிஞ்சுது?" என்று கேட்டான் உழவன் ஓஸ்பர்ட்.

"இப்ப எந்தக் காலு நொண்டுதோ அது."

தச்சன் லம்பர்ட்டுக்கு அவன் மனைவியின் சாவைக் கொடுத்தான். அவள் செத்தது போன வருஷம்தானே என்றான் லம்பர்ட். அதிகாரிக்கு அது தெரியவா போகிறது என்றான் தர்ஸ்டன். நாங்கள் சிரித்தோம். லம்பர்ட் சிரிக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, ஞானத்தந்தைக்கு அன்று புதுச் செருப்பு தைத்துக் கொடுத்த நினைவு. பரவாயில்லை, தொழிலுக்கு ஏற்ற பொய்தான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் தர்ஸ்டன் என் பக்கம் குனிந்தான். "உன் வீட்டைப் பத்திக் கவலைப்படாத. அந்த மண்ணுல மட்டும் யாரும் மண்வெட்டி வெக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"எத்தனையோ வீடு இருக்கு. என் வீட்டு மேல மட்டும் என்ன அவ்வளவு அக்கறை?"

அவன் கோப்பையைக் காலி செய்தான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியாக, நாளைக்குத் தடுமாறக் கூடாது என்று வம்சத்தை ஒருமுறை எங்களுக்குச் சொல்லிக் காட்டினான். ரோஜரின் மகன் வால்டர்... வால்டரின் மகன் ஹென்றி... வரிசையாக வந்து, "அவர் மகன் ஹாமோ" என்றான்.

டக். டக். டக்.

பின்கதவு.

லம்பர்ட் போய்த் திறந்தான். யாரும் இல்லை. மூடுபனிதான் உள்ளே வந்தது. சர் ட்ரோகோவின் ஆள் எவனோ ஒட்டுக் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றியது. உளவு பார்க்க வந்தவன் கதவைத் தட்டுவானா என்று யோசிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லேன் என்று ஓஸ்பர்ட் கேட்டான். தர்ஸ்டன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றான். அந்த முகத்தையும் நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் புனித மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த நாள். வீட்டுக்கு வீடு பன்றி அடித்து உப்புப் போடுகிற சமயம். ஊர் முழுக்க ரத்த வாடை. காலையில் இறங்கிய மூடுபனி நண்பகல் மணி அடித்தும் விலகவில்லை. பத்தடி தள்ளி நிற்கும் கல்லறைச் சிலுவை தெரியவில்லை.

விசாரணை மாதா கோயிலுக்குள். ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டார்கள், ஒருவன் சொல்வது இன்னொருவன் காதில் விழக்கூடாது என்று. மற்றவர்கள் வெளியே முகப்பு மண்டபத்தில் காத்திருந்தோம். கதவு கனமான ஓக் கதவு. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. எனக்கு முன்னால் மூன்று பேர் போனார்கள். மூன்றாவதாகப் போன ஓஸ்பர்ட் வெளியே வந்தவன் யாரையும் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றுகொண்டான். என் முறை வந்தது.

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் மேசை. அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒல்லி மனிதர். மேலே விலையுயர்ந்த ரோமச் சட்டை, கீழே பிளந்துபோன செருப்பு. ஆளை அளந்துகொண்டேன். பக்கத்தில் எழுத்தர். தள்ளி ஒரு பெஞ்சில் ஹாமோ, பெற்ற தாய் என்பதால் உள்ளே விட்டிருந்த அமீஸ் அம்மாள், தர்ஸ்டன். எதிர்ப் பெஞ்சில் சர் ட்ரோகோவின் வக்கீல். நான் சத்தியம் செய்தேன். செருப்புக் கதையைச் சொன்னேன்.

"அந்த ஞானத்தந்தை இப்ப எங்கே?"

"செத்துட்டாருங்க."

"செருப்பு?"

"அவரோடவே போயிடுச்சுங்க."

அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "அப்ப உன் பேச்சுக்கு என்னய்யா ஆதாரம்? அன்னிக்கு வேற யாரையாவது பார்த்தியா?"

சபீனாவின் வயிறு கண் முன்னால் வந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்றேன். எப்படிப்பட்ட பெண் என்றார். நான் சுற்றுமுற்றும் கண்ணை ஓட்டினேன். எதிர்ச் சுவரில் ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபர் படம். பாவாடை நனைந்திருந்தது என்றேன். படத்தில் அவர் கால் வெறும் கால். ஒரு கால் வெறும் கால் என்றேன், இரண்டும் வெறும் கால் என்றால் நம்பமாட்டாரோ என்று. எழுத்தர் பையின் வாய் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. இன்னொரு காலில் செருப்பு, கணுக்காலில் தோல் வாருக்குப் பதிலாகச் சிவப்பு நூல் கட்டியிருந்தாள் என்றேன். ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திருடனுக்குத் தெரியாதா எந்தப் பொருளை எந்த வீட்டில் எடுத்தோம் என்று.

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். அதிகாரியைப் பார்த்தார்.

"எந்தக் கால்ல செருப்பு?" என்றார் அதிகாரி.

"இடது கால்லங்க."

"கையில குழந்தை இருந்துதா?"

"இல்லைங்க. ஆனா இருக்கிற மாதிரியே கையை மடிச்சு வெச்சிருந்தா."

இந்த ஒன்றை மட்டும் நான் எங்கிருந்தும் எடுக்கவில்லை. தானாக வாயில் வந்தது. பெஞ்சில் ஏதோ விழுந்த சத்தம். அமீஸ் அம்மாளின் ஜெபமாலை. போகலாம் என்று கையைக் காட்டினார் அதிகாரி.

வெளியே வந்ததும் நேராக ஓஸ்பர்ட்டிடம் போய், மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்துக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த எழுத்தரும் அதிகாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள என்னடா சொன்ன?"

"ஏணியில விழுந்தேன்னு சொன்னேன்." அவன் நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். "அப்புறம் யாரு தூக்கிவிட்டாங்கன்னு கேட்டாரு. ஒரு பொம்பளைன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னே தெரியல வாரின்."

"என்ன பொம்பளை?"

"நனைஞ்சுபோய் நின்னா. ஒத்தச் செருப்பு."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எவன் சொல்லிக் கொடுத்தது, தர்ஸ்டனா, ட்ரோகோவின் ஆளா, என்னை மாட்டிவிடப் பார்க்கிறாயா என்று உலுக்கினேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒன்று கேட்டுப் பார்த்துவிடலாம் என்று, "செருப்பை எதால கட்டியிருந்தா?" என்றேன்.

"சிவப்பு நூல்" என்றான்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

கதவு திறந்து லம்பர்ட் வந்தான். எனக்குப் பிறகு போனவன். செத்த மனைவியைப் பற்றிச் சொல்லத்தான் போனானாம். கல்லறைக்குப் பக்கத்தில் யாரைப் பார்த்தாய் என்று கேட்டார்களாம். மேலே அவன் சொல்லவேண்டியதில்லை, முகமே சொல்லியது. அவனுக்கு அடுத்தவனும் அதையே சொன்னான். அடுத்தவனும். ஊருக்கே தெரிந்த வாயாடி ஆலைக்காரன் வெளியே வந்து ஒரு வார்த்தை பேசாமல் சிலுவை போட்டுக்கொண்டான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லோர் கண்ணிலும் ஒரே கேள்வி. யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? தர்ஸ்டன் நேற்று ஊற்றிய பீரில் எதையாவது கலந்துவிட்டானா?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கோயிலுக்குப் பின்பக்கம். மூடுபனிக்குள். யாரோ நடக்கிறார்கள்.

டப்... சளக்.

டப்... சளக்.

மற்றவர்களுக்கு அது வெறும் காலடிச் சத்தம். எனக்கு அப்படியில்லை. இடது காலில் தோல். வலது கால் வெறும் கால். ஈர மண்ணில் வெறும் கால் பதிந்து எழும்புகிற சத்தம்.

டப்... சளக்.

சுவரை ஒட்டியே வந்தது. வடக்குப் பக்கம். கோபுரத்துப் பக்கம். எங்களை நோக்கி.

"யாரது?" என்றான் ஓஸ்பர்ட்.

நின்றுவிட்டது.

மண்டபத்துக்கு வெளியே... இரண்டடி தூரம் இருக்கும். பனிதான் தெரிந்தது.

பின்னால் கதவு திறந்தது. கடைசி ஆளும் சொல்லி முடித்துவிட்டான். சேவகன் தலையை நீட்டி எல்லோரையும் உள்ளே கூப்பிட்டான். எங்களுக்கு உயிர் வந்தது. முண்டியடித்துக்கொண்டு உள்ளே ஓடினோம். நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் சேவகன் கதவைப் பாதி சாத்தி, வெளியே பார்த்துச் சொன்னான்:

"பொம்பளைங்க வரக் கூடாதும்மா. வெளியவே நில்லு."

சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"யார்கிட்ட பேசின?" என்றேன்.

"உன் பின்னாலயே வந்தாளே. உன் தோளைப் பிடிச்சுக்கிட்டு. உன் பொண்டாட்டி இல்லையா?"

தோளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம்.

உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். முடிவு சொல்வதற்கு முன் வம்சத்தைச் சொல்லவேண்டும், அது முறை. அதிகாரி தர்ஸ்டனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தர்ஸ்டன் அமீஸ் அம்மாளைப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான். கிறிஸ்துமஸில் மண்டபம் அதிரச் சொல்கிறவன், அன்று முணுமுணுத்தான். ரோஜரின் மகன் வால்டர். வால்டரின் மகன் ஹென்றி. பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"சொல்லுய்யா" என்றார் அதிகாரி.

"அவர் மகன்... ஹாமோ."

டக். டக். டக்.

பெரிய கதவு. என் முதுகுக்குப் பின்னால்.

"திறக்காத!" என்று கத்தினான் தர்ஸ்டன்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. அமீஸ் அம்மாள் கத்தவில்லை. "வேண்டாம் வாரின்" என்று மெதுவாகச் சொன்னார். யார் தட்டுகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் முதலில் உறைத்தது.

டக். டக். டக்.

ஹாமோதான் பேசினான். நல்ல பையன். அப்பன் முகமும் இல்லை, அம்மா முகமும் இல்லை, எங்கிருந்து வந்த குணமோ. "இந்தக் குளிர்ல யாரோ வெளிய நிக்கிறாங்க. திறந்து விடு, வாரின்."

நாளைக்கு என் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆகப்போகிறவன் சொல்கிறான். தாழ்ப்பாளைத் தூக்கினேன்.

பனி.

யாரும் இல்லை.

டப்...

எனக்குப் பக்கத்தில்.

சளக்.

என்னைக் கடந்துவிட்டது.

டப்... சளக். டப்... சளக். நடுப் பாதையில் முன்னே போகிறது. மெழுகுவர்த்திச் சுடர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து நிமிர்கின்றன. கல் தரையில் ஒரு செருப்புத் தடம்... ஒரு வெறும் கால் தடம்... தண்ணீரால் தானாக விழுகின்றன.

ஹாமோவுக்கு முன்னால் வந்து...

நின்றது.

அவன் நெற்றி முடி மெதுவாக ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஈரமாகி, நெற்றியோடு ஒட்டியது. அவன் தொட்டுப் பார்த்து மேலே அண்ணாந்தான்.

"கூரை ஒழுகுதா?" என்றான்.

அமீஸ் அம்மாள் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார்.

அதிகாரி தடத்தைப் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. மயங்கி விழுந்த அம்மாளைச் சுற்றி எல்லோரும் ஓடியதில் தடமும் மிதிபட்டு அழிந்துபோனது. அவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். "இருபது வருஷமா விசாரிக்கிறேன். பன்னெண்டு பேர் ஒரு நாயைப் பத்திக்கூட ஒரே மாதிரி சொன்னதில்ல. நீங்க பன்னெண்டு பேரும் ஒரே பொம்பளையைப் பார்த்திருக்கீங்க" என்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் உடைக்க முடியவில்லை. ஹாமோ வயது வந்தவன், முறையான வாரிசு என்று எழுதி முத்திரை போட்டுவிட்டார். சர் ட்ரோகோவின் வக்கீல் தன் சுருளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு வாரம் கழித்து அமீஸ் அம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். செருப்பு அளவெடுக்க என்று சொல்லி அனுப்பினார்கள். இருபது வருஷமாக அதே கால், அதே அளவு. என்னத்துக்குப் புதிதாக அளவு என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அறையில் அவர் மட்டும் இருந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. பெட்டியைத் திறந்து, துணி மூட்டை ஒன்றை எடுத்து, என் மடியில் வைத்தார். பிரித்தேன்.

ஒற்றைச் செருப்பு. வலது கால். காய்ந்து விறைத்துப்போன தோல். கணுக்காலில் சிவப்பு நூல்.

"யார் சொன்னது உனக்கு?" என்றார். "எனக்கும் தர்ஸ்டனுக்கும் தவிர ஒரு உயிருக்கும் தெரியாது."

"யாரும் சொல்லலம்மா. நானா இட்டுக்கட்டினேன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது போலும்.

அவர் பெற்ற பிள்ளை மூன்றாம் நாள் செத்துவிட்டது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒற்றைக்கண் ரோஜரிலிருந்து வந்த வம்சம் அந்தத் தொட்டிலோடு முடிந்தது. நிலம் கையை விட்டுப் போய்விடும். அன்று மாலை மழையில் ஒரு பரதேசிப் பெண் வாசல் கதவைத் தட்டினாள். கையில் பால்குடிக் குழந்தை. உள்ளே வர இடம் கேட்டாள். நோய்க் காலத்தில் எவரையும் விடமாட்டார்களே. தர்ஸ்டன் கதவை ஒரு சாண் திறந்து, முதலில் குழந்தையைக் கொடு, பிறகு உனக்குத் திறக்கிறேன் என்றான். அவள் நம்பிக் கொடுத்தாள். அவன் சாத்தினான். அவள் இடுக்கில் காலை விட்டுத் தடுத்துப் பார்த்தாள். செருப்பு உள்ளே சிக்கி நின்றது. கால் வெளியே போயிற்று.

"ராத்திரி பகலா தட்டினா" என்றார் அமீஸ் அம்மாள். "மூணு மூணா. ஞானஸ்நானத்துக்குக் கொழந்தைய பின்வாசல் வழியா தூக்கிட்டுப் போனோம். திரும்பி வந்தப்பவும் தட்டிக்கிட்டு இருந்தா. அப்புறம் நின்னுடுச்சு."

நான் மடியிலிருந்த செருப்பைக் கீழே வைத்தேன். "எங்க புதைச்சீங்கம்மா?"

"விழுந்த இடத்துலயே. வாசல் கதவுக்கு வெளிய, வலது பக்கம்."

வாசல் கதவுக்கு வெளியே, வலது பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அங்கே என் வீட்டு வாசற்படி இருக்கிறது.

வீடு எங்களுக்கே வந்தது. எனக்கும் என் சந்ததிக்கும், சந்திர சூரியர் உள்ளவரை. ஹாமோ தன் கையாலேயே பத்திரத்தைக் கொடுத்தான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லி யாருக்கு என்ன லாபம்? வம்சம் கிறிஸ்துமஸில் முன்போலவே சொல்லப்படும். ஆனால் அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில், எங்கள் வீட்டைச் சுற்றி அந்தக் காலடி கேட்க ஆரம்பித்தது. டப்... சளக். பிறகு கதவில் மூன்று தட்டு. நான் திறக்கமாட்டேன். ஹாவிஸும் சபீனாவும் கேட்டால் காற்று என்பேன். பயம்தான், ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. சத்தத்தை வைத்து அது யார் என்று தெரிந்துவிடும்.

அதோடு விட்டிருக்கலாம். நான் செருப்புக்காரன். அமீஸ் அம்மாள் கொடுத்து அனுப்பிய அந்த ஒற்றைச் செருப்பு என் வேலைப் பலகை மேல் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க மனது கேட்கவில்லை. ஒருநாள் அதை எடுத்துக் கொழுப்புத் தடவி ஊறவைத்தேன். புது அடித்தோல் வைத்துத் தைத்தேன். சிவப்பு நூலை அப்படியே விட்டுவிட்டேன். உன் பொருளை நீ எடுத்துக்கொள், எங்களை விட்டுவிடு என்று சொல்லிச் சாயங்காலம் வாசற்படியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் செருப்பு இல்லை. அன்றும் சத்தம் இல்லை, மறுநாளும் இல்லை. அப்பாடா என்று தூங்கினேன்.

நேற்று சாயங்காலம் ஹாவிஸும் சபீனாவும் பூசைக்குப் போயிருந்தார்கள். லம்பர்ட் செய்து கொடுத்த புதுத் தொட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் பலகையில் வேலையாக இருந்தேன். காலடிச் சத்தம் வந்தது. டப், டப், டப். இரண்டு காலிலும் செருப்பு. திடமான நடை. கதவு தட்டினார்கள். ஹாவிஸ்தான் என்று எழுந்து போய்த் திறந்தேன்.

பனி.

யாரும் இல்லை.

சில்லென்று ஏதோ என் தோளை உரசிக்கொண்டு போனது.

திரும்பினேன். என் காலடியிலிருந்து உள்ளே ஈரத் தடங்கள் போயிருந்தன. இடது செருப்பு, வலது செருப்பு. வலதின் அடித்தோல் நான் தைத்தது, என் தையல் எனக்குத் தெரியும். தடங்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தன. காலித் தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த தடம் இல்லை. விடியும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடிவிட்டேன்.

சபீனாவுக்கு இது நிறைமாதம்.